புள்ளி இல்லாத சொல்

படம் எண் நூற்றுப் பதினேழு.
ஒரு மீன். வால் பக்கம் செல்லரித்துவிட்டது,
பெயர் இருந்த இடமும் அதோடு போயிற்று.
மிச்சம், இடது மூலையில் ஒரே சொல்,
ஓலையில் பழகிய கை:
கெடடது.

தண்டையார்பேட்டையில் மூன்றாம் மாடி.
கீழே டேங்கர் லாரிகள் விடிய விடிய வரிசையில் நிற்க
படத்துக்கு ஆறு ரூபாய் கணக்கில்
இருநூறு வருஷத்துப் பழைய மீன்களுக்கு
அட்டவணை போடுகிறேன்.

புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும்,
வைக்கமாட்டார்கள்.
குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு.
படிக்கிறவன் பார்த்துக்கொள்வான் என்றொரு நம்பிக்கை.
இவன் எழுதியது சீமைக் காகிதத்தில்.
பொத்துப்போகாது.
கைக்குத்தான் பயம் விடவில்லை.

கெட்டதா?
கேட்டதா?
கேட்டதென்றால், எவனோ பெயர் சொல்லக் காதால் கேட்டதா,
துரை கேட்டது இதுதான்,
வரைந்தாயிற்று, கூலியை வை என்பதா?

நாலு மணிக்குக் காசிமேடு போனேன்.
ஐஸ் உடைக்கிற சத்தத்தில் ஏலம் பாதிதான் கேட்டது.
(பாருங்கள், எனக்கே இந்தச் சொல்தான் வருகிறது.)
தேசம்மா கூடைகளை ஆட்டோவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.
போனை நீட்டினேன், ஈரக் கையாலேயே வாங்கினாள்.
எழுத்துப் பக்கம் போகவே இல்லை.
இரண்டு விரலால் மீனின் கண்ணைப் பெரிதாக்கினாள்.

"இன்னாபா இது, செத்து ரெண்டு நாளாவுது.
கண்ணு உள்ள பூந்துகீது பாரு.
செவுளு வெளுத்துப் போய்கீது.
கிளிமீனுபா, எப்பனா ஒண்ணு வலையில மாட்டும்.
உசுரோட பாத்தின்னா பச்சையும் நீலமுமா
அப்டி ஒரு கலரு.
இவன் சாம்பலா வரைஞ்சிகீறான்.
அவன இன்னா சொல்றது,
அவனாண்ட வந்து சேந்தது அதான்."

பக்கத்துக் கடை கஸ்பார் எட்டிப் பார்த்து
இது கிளிமீனே இல்லை, ஏதோ பாறை வகை என்றான்.
அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

படத்தின் பின்புறம் இன்னொரு கை, லத்தீன்.
அகராதி வைத்துப் பார்த்தேன்:
சாம்பல் நிறத்தது.
ஒருநாளும் சாம்பலாக நீந்தாத மீனுக்கு
ஊரறிய வைத்த பெயர்.

அப்படியானால் கெட்டதுதான்.
மூலையில் சொல்லித்தான் வைத்திருக்கிறான்,
இது கெட்ட மீன், நிறத்தை நம்பாதே.
அந்த மூலையை யார் படித்தார்கள்.

அல்லது, அப்படி இல்லையோ என்னவோ.
ராத்திரி மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன்.
செதிலுக்குச் செதில் புள்ளி.
தாடையின் நிழலில் புள்ளி, துடுப்பின் முள்ளோரம் புள்ளி,
ஒன்றோடொன்று ஒட்டாமல்
ஊசி முனையால் வைத்ததுபோல்.
எண்ணத் தொடங்கினேன்.
தலையில் மட்டும் நானூறு வந்ததும் விட்டுவிட்டேன்.

இரண்டு போதும் எனக்கு.
முதல் டகரத்தின் தலையில் ஒன்று,
குறிலென்றால் கொம்பின் மேல் ஒன்று.
இத்தனை ஆயிரத்தில் இரண்டை
எழுத்தின் பக்கம் சிந்தியிருக்கக் கூடாதா?
மீனுக்கே எல்லாம் கொடுத்துத் தீர்த்தவன்.

போனைத் திருப்பித் தரும்போது
தேசம்மா ஒன்று கேட்டாள்:
"வரைஞ்சானே, அவனுக்குத் துட்டு குட்தாங்களா?"
தெரியவில்லை என்றேன்.
அவன் பேரும் தெரியாது.
அட்டவணையில் அதற்குக் கட்டமும் இல்லை.
எனக்கே போன மாசத்துப் பணம் வரவில்லை,
அதை அவளிடம் சொல்லவில்லை.
ஒரு கூறு காரப்பொடி வாங்கிக்கொண்டேன்,
இருபது ரூபாய் குறைத்துத் தந்தாள்.

குறிப்பு என்ற கட்டத்தில்
அவன் எழுதியபடியே தட்டுகிறேன்:
கெடடது.
அடியில் சிவப்பாய் ஒரு கோடு நெளிகிறது,
பிழையாம்.

நெளியட்டும்.